வழக்கமாக எழுதும் காரணம்

பென்னாகரத்தில் தாலுக்கா ஆபீசுக்குப் போகிற வழியில் என் டைப்பிங் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டில் என்னென்னவோ எழுதியிருந்தாலும் கடையை ஓட்டுவது மனுக்களும் லீவ் லெட்டர்களும்தான். இருபது வருடங்களுக்கு மேலாக அடுத்தவர்களின் குறைகளையும் புகார்களையும் வியாதிகளையும் தட்டிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் நான் அதிகம் தட்டிய வியாதி எது என்று கேட்டால் யோசிக்கவே தேவையில்லை. நரம்புத் தளர்ச்சி.

அதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலே இருக்கிறது. பெயர், பதவி, தேதி ஆகிய மூன்று இடங்கள் மட்டும் காலி. “கடந்த சில நாட்களாக நரம்புத் தளர்ச்சியின் காரணமாகக் கை கால் நடுக்கமும் தலைச்சுற்றலும் ஏற்பட்டு மிகவும் அவதியுற்று வருகிறேன் என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.” இது என் சொந்த வாக்கியம். டைப்ரைட்டர் வைத்திருந்த காலத்திலேயே எழுதியது. இளவயதில் நான் பத்திரிகைகளுக்குக் கதை எழுதி அனுப்புவேன், போன வேகத்தில் திரும்பி வரும். கடைசியில் இந்த வட்டாரம் முழுக்கப் படித்த என் எழுத்து இந்த ஒரு வாக்கியம்தான்.

இந்த வியாதிக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்பது என் கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். மஞ்சள் காமாலை என்று எழுதினால் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்பார்கள். கால் முறிவு என்றால் கட்டுப் போட்டுக்கொண்டு திரிய வேண்டும். காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் தாங்காது. நெஞ்சுவலி என்று எழுத எல்லாருக்கும் பயம், எழுதினால் நிஜமாகவே வந்துவிடுமோ என்று. நரம்புத் தளர்ச்சியில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. ஸ்கேனில் தெரியாது, ரத்தத்தில் தெரியாது, ஆளைப் பார்த்தாலும் தெரியாது. பதினைந்து நாள் என்றாலும் இரண்டு மாதம் என்றாலும் இழுத்த இழுப்புக்கு வரும்.

வீடு கட்டுகிற வாத்தியார் கான்கிரீட் போடும் வாரத்துக்கு அதை வாங்கிப் போவார். கேழ்வரகு அறுப்புக்கு ஆள் கிடைக்காத ஆபீஸ் உதவியாளர் வாங்கிப் போவார். மாலை போட்டு, கறுப்பு வேட்டி கட்டி, நெற்றி நிறையச் சந்தனத்தோடு வந்தே ஒருவர் தனக்கு நரம்புத் தளர்ச்சி என்று எழுதச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் மாமனார் வீட்டாரை ஒகேனக்கல் கூட்டிப் போவதற்காக லீவ் எடுத்தார். அங்கே எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, அந்தப் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்தார். அவருடைய அதிகாரி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம். அதுவும் நரம்புக்குத்தான் சார் என்று சொல்லித் தப்பித்துவிட்டதாகக் கடையில் வந்து பெருமையடித்துக்கொண்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இந்தத் தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஏரியூர்ப் பக்கத்திலிருந்தும் மலைக்கிராமங்களிலிருந்தும் வருகிறவர்கள் ஒரு லெட்டருக்காக இரண்டு பஸ் மாறி வர முடியாது. அதனால் வெள்ளைத்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, இரண்டோ மூன்றோ தாளை என் மேஜை டிராயரில் விட்டுவிட்டுப் போவார்கள். லீவ் தேவைப்படும்போது போனில் தேதியைச் சொன்னால் போதும். அந்தத் தாளிலேயே பிரிண்ட் எடுத்து நான் ஆபீசில் சேர்த்துவிடுவேன். எனக்கு நல்ல பெயர். கையெழுத்தை நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்களே என்று நான் பெருமைப்பட்டதும் உண்டு.

கடைக்கு வெளியே போனாலும் அந்த வார்த்தை விடாது. தர்மபுரி ரோட்டில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சுவருக்குச் சுவர் அதுதான். இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்குவார், நரம்புத் தளர்ச்சிக்கு ஒரே வேளையில் தீர்வு என்று நீல எழுத்தில் இருக்கும். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக் கதவில் ஒட்டியிருக்கும். டானிக் பாட்டிலின் அட்டையில் இருக்கும். ராசிபலனில் எட்டாம் இடத்துச் சனி அதைத்தான் கொண்டுவருவார். கல்யாணத்தைப் பையன் தட்டிக்கழித்தாலும் அதுதான், மருமகள் பகலில் படுத்திருந்தாலும் அதுதான், பரீட்சையில் பிள்ளை மயங்கி விழுந்தாலும் அதுதான். இத்தனை பேர் எழுதியும், இந்த வியாதி வந்தவர் என்ன பாடுபடுவார் என்று ஒருவரும் எழுதி நான் படித்ததில்லை. நானும் எழுதியதில்லை.

என் அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஏரியூர் போகும் வழியில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தோம். அதே ஊரில் பால்வாடி டீச்சராக இருக்கிறாள். மாமாவுக்கு மரவள்ளியும் கொஞ்சம் மல்பெரியும் இருக்கிறது. அக்காவின் பால்வாடியில் இருபது பிள்ளைகளுக்குக் குறையாது. எங்கள் வீட்டில் அவளைப் போலக் கவனமான ஆள் கிடையாது என்று எல்லாரும் சொல்லுவோம். முதலில் அது பாராட்டாகத்தான் இருந்தது.

பால்வாடியில் மதியச் சமையல் முடிந்ததும் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டோமா என்று இரண்டு தடவை பார்ப்பாள். பிறகு நான்கு தடவை ஆனது. வீடு வந்து சேர்ந்தபின் சந்தேகம் வந்து, திரும்ப ஒரு மைல் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அடுத்து அந்தச் சந்தேகம் பிள்ளைகள் மேல் திரும்பியது. சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளையும் அவரவர் அம்மாவிடம் கையில் பிடித்துக் கொடுத்திருப்பாள். பூட்டியதும், ஒரு பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறதோ என்று தோன்றிவிடும். திறந்து கதவுக்குப் பின்னால் பார்ப்பாள், பாய்ச் சுருட்டுக்குள் பார்ப்பாள், அரிசி டிரம்மைத் திறந்து பார்ப்பாள். பூட்டுவாள். பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்ப வருவாள்.

மாமா முதலில் பொறுமையாகத்தான் இருந்தார். கூடவே போய், உள்ளே யாரும் இல்லை என்று அவரே சத்தமாகச் சொல்லுவார். அப்புறம் சலித்துப் போனது. உனக்கு நரம்பு தளர்ந்து போச்சு என்று அவர்தான் முதலில் சொன்னார். சுவரில் படித்ததோ, யார் வாயில் கேட்டதோ தெரியாது. எங்களுக்கும் அது பெரிய நிம்மதியாக இருந்தது, ஒரு பெயர் கிடைத்துவிட்டதே என்று. பெயருக்கு ஏற்ற வைத்தியமும் தயாராக இருந்தது. ஒரு கிளினிக்கில் வாரம் ஒரு சிவப்பு ஊசி போட்டார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, டானிக் என்று நாங்கள் ஏற்றினோம். இரண்டு வருடம் அக்காவின் நரம்புக்குச் சத்து கொடுத்துக்கொண்டே இருந்தோம். அவள் கொஞ்சம் சதை போட்டாள். பூட்டை இழுப்பது மட்டும் குறையவே இல்லை.

இதில் எனக்கு ஆறவே ஆறாதது ஒன்று உண்டு. படிக்காதவர்கள் நம்பினால் பரவாயில்லை. அந்த வார்த்தையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை பொய்யாகத் தட்டுகிற நான், அது வெறும் சாக்கு என்று வேறு யாரைவிடவும் நன்றாகத் தெரிந்த நான், என் அக்காவுக்கு வந்தபோது அதை அப்படியே நம்பினேன்.

அந்தக் காலத்தில் அக்காவுக்கு ஒரு தடவை பத்து நாள் லீவ் தேவைப்பட்டது. கடைக்கு வந்து, எல்லாரையும் போல வெள்ளைத்தாள் மூன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஒன்றில் என் வாக்கியத்தை அடித்து அனுப்பினேன். அலுவலகத்தில் மாதக் கூட்டம் நடக்கும்போது, அவளுடைய மேலதிகாரி அந்த லெட்டரை எடுத்துக்காட்டி, உங்களுக்கும் தம்பி கடை நரம்புத் தளர்ச்சிதானா, எந்த ஊரில் வீடு கட்டுகிறீர்கள் என்று கேட்டாராம். அத்தனை டீச்சர்களும் சிரித்தார்களாம். லீவ் கிடைத்தது. ஆனால் அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். வாழ்க்கையில் ஒரு நாள்கூடப் பொய் சொல்லி லீவ் எடுக்காதவள் அவள். அது பொய் என்றுதான் அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

போன வருடம் ஆடி மாதம் ஒரு சாயங்காலம், பால்வாடியில் சமைக்கிற அம்மா எனக்குப் போன் செய்தார். டீச்சர் பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான்கு மணியிலிருந்து நிற்கிறார், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். நான் போய்ச் சேரும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அக்கா கதவுக்கு முன்னால் நின்றிருந்தாள். பூட்டை இழுத்து இழுத்து வலது உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்திருந்தது. அதன் மேல் முந்தானையைச் சுற்றிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

“உள்ள யாரும் இல்லன்னு எனக்குத் தெரியும்டா தம்பி. தெரிஞ்சும் கை வுட மாட்டேங்குது” என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வண்டியில் ஏறு என்று கத்தினேன். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனாலும் கத்தத்தான் வந்தது.

அடுத்த நாள் தர்மபுரியில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனேன். வயதானவர். அக்காவை அரை மணி நேரம் பேச விட்டார். எங்கள் யாரிடமும் அவள் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார். இது நரம்பில் இருக்கிற கோளாறு இல்லை, ஊசியையும் குளுக்கோஸையும் இன்றோடு நிறுத்துங்கள் என்றார். முன்பெல்லாம் இந்த மாதிரி மனத்தொல்லைகள் பலவற்றையும் சேர்த்து நியூரோசிஸ் என்று ஒரே பெயரில் சொல்லுவோம், இப்போது தனித்தனிப் பெயர் இருக்கிறது, இவருக்கு வந்திருப்பதை எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் சொல்லலாம் என்றார். மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்தால் நன்றாகக் குறையும், இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். அவர் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. எனக்குத்தான் குற்றமாகக் கேட்டது.

கடைக்கு வந்ததும் அலமாரியில் கிடந்த ஆங்கிலம்-தமிழ் அகராதியை எடுத்தேன். கவர்மென்ட் கடிதங்களை மொழிபெயர்க்க வாங்கியது. நியூரோசிஸ் என்ற சொல்லைத் தேடிப் பிடித்தேன். எதிரே நரம்புத் தளர்ச்சி நோய் என்று அச்சடித்திருந்தது. அந்த அகராதியைத் தொகுத்தவரும் என் கடையில்தான் லீவ் லெட்டர் வாங்கினாரோ என்று தோன்றியது. புத்தகத்தைத் தூக்கி அலமாரிக்கு மேலே எறிந்தேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

டாக்டர் கொடுத்த பயிற்சி கேட்பதற்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ஒரு தடவை பார்க்க வேண்டும், ஒரு தடவை பூட்ட வேண்டும், திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். பயம் வரும், வரட்டும், அது தானாக அடங்கும் வரைக்கும் திரும்பப் போகக் கூடாது. வாய்விட்டுக் கேட்பதும் அதில் சேர்த்தி. மூடிட்டேனா, மூடிட்டேனா என்று வீட்டில் இருக்கிறவர்களைத் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது. ஒரு தடவை கேட்கலாம். கேட்டதற்கு ஒரு தடவை உண்மையைச் சொல்லுங்கள், அதற்கு மேல் சொல்லாதீர்கள் என்று எங்களுக்கும் சொல்லியிருந்தார். பயிற்சி பழகும் வரைக்கும் மூன்று மாதம் வேலைக்குப் போக வேண்டாம் என்றார். சான்றிதழில் சிகிச்சையில் இருக்கிறார், ஓய்வு தேவை என்று மட்டும் எழுதினார். நோயின் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம் என்று அக்காவைக் காட்டினார். ஆக, காரணத்தை லீவ் லெட்டரில்தான் எழுத வேண்டும்.

நான்கைந்து நாள் கழித்து அக்கா கடைக்கு வந்தாள். நான் வழக்கமான ஃபைலைத் திறந்து, அவள் பெயரை அடிக்க ஆரம்பித்தேன். கை தானாகப் போய்விட்டது. அவள் எழுந்து வந்து ஸ்கிரீனைப் பார்த்தாள்.

“இது எல்லாருக்கும் எழுதறதுதானே. எனக்கு வந்தது இது இல்லியே. என்னுதை நான் எழுதிக்கறன்” என்றாள்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உண்மையை எழுதினால் ஊர் என்ன பேசும், உன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் என்றெல்லாம் சொன்னேன். போன தடவை எல்லாரும் சிரித்தபோது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும் என்றாள் அக்கா. கடை பெஞ்சில் உட்கார்ந்து, தொடையில் அட்டையை வைத்துக்கொண்டு பேனாவால் எழுதினாள். முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு பக்கம்தான்.

அதை நான் படித்தேன். மேலான கவனமோ பணிவான வேண்டுகோளோ அதில் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று தெரிந்தும், ஒரு பிள்ளை உள்ளே இருக்கிறது என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருந்தாள். பூட்டை இழுத்து இழுத்துக் கை புண்ணானதையும், இது மனதில் வரும் நோய் என்று டாக்டர் சொன்னதையும், என்னால் இதுவரை எந்தப் பிள்ளைக்கும் எந்தக் குறையும் வந்ததில்லை என்பதையும் எழுதியிருந்தாள். குணமாகி வந்தபின் ஒரே ஒரு தடவை பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக விரும்புகிறேன், அதற்காக மூன்று மாதம் விடுப்புக் கேட்கிறேன் என்று முடித்திருந்தாள். இருபது வருடமாக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்கிற எனக்கு அப்படி ஒரு வரி வந்ததில்லை.

உறையில் போட்டு ஒட்டினாள். உடனே, தேதி போட்டோமா என்று பிரித்துப் பார்த்தாள். வேறு உறை கொடுத்தேன். அதையும் பிரித்தாள். மூன்றாவது உறையை ஒட்டியதும் என் கையில் திணித்துவிட்டு, என்னிடம் இருந்தால் இதையும் பிரிப்பேன், நீயே கொண்டுபோய்க் கொடு என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் வேகமாக நடந்தாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள், டாக்டர் சொன்ன மாதிரியே.

அடுத்து நான் செய்ததை மறைப்பதற்கில்லை. மறுநாள் காலை அலுவலகத்துக்குக் கிளம்பும் முன்பு டிராயரைத் திறந்தேன். அக்கா பழைய நாளில் கையெழுத்துப் போட்டு வைத்த வெள்ளைத்தாள் இரண்டு மிச்சம் இருந்தது. அதில் ஒன்றை எடுத்து, வழக்கமான ஃபைலில் அவள் பெயரும் தேதியும் அடித்து, பிரிண்ட் எடுத்தேன். கொடுக்கப்போவதில்லை, எதற்கும் கையில் இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பையில் வைத்தேன்.

அந்த அலுவலகம் எந்த ஊரில் என்று எழுத வேண்டாம். அக்காவின் மேலதிகாரியான அந்த மேடம் கெட்டவர் இல்லை. கூட்டத்தில் லெட்டரைக் காட்டிச் சிரிக்க வைத்தவர் அவர்தான் என்பதால், ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் நான் போயிருந்தேன். உறையைக் கிழித்து முழுவதும் படித்தார். மறுபடி மேலே போய் இன்னொரு தடவை படித்தார். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது, அதைக் கையால் அமுக்கிப் பிடித்தார். அக்கா எப்படி இருக்கிறாள், சாப்பிடுகிறாளா, கையில் காயம் ஆறிவிட்டதா என்று விசாரித்தார். அன்றைக்கு விளையாட்டாகக் கேட்டுவிட்டேன், தப்புதான் என்றார். நான் கொண்டுவந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. பரவாயில்லை, உண்மையை எழுதினால் மனிதர்களுக்குப் புரிகிறது என்று நினைத்தேன்.

பிறகு தாளை மடித்து என் பக்கம் தள்ளினார்.

“இதை நான் ஃபைல்ல வெச்சா, இவங்ககிட்ட பிள்ளைங்களை வுடலாமான்னு மேல இருந்து கேப்பாங்க. என்கொயரி போடுவாங்க. வேலைக்கே ஆபத்துங்க. வழக்கமா எழுதற காரணத்தை எழுதிக் கொண்டாங்க, இன்னிக்கே பாஸ் பண்ணிடறன்” என்றார்.

நான் வாதாடினேன். மேடம், அதைப் பொய் என்று சிரித்தீர்களே என்றேன். பொய்யாக இருந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், அதனால்தான் சொல்கிறேன் என்றார். அக்காவின் நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். யாரைத் திட்டுவது? அந்தக் காரணத்தை இந்த வட்டாரத்துக்கே பழக்கியவன் பையோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போனைக் கையில் எடுக்கவும் செய்தேன். கேட்டால் வேண்டாம் என்பாள், என்கொயரி வரட்டும் என்பாள். வந்தால் அவள் தாங்குவாளா? ஒரு பிள்ளை உள்ளே இருக்குமோ என்ற நினைப்பையே தாங்க முடியாதவள், உன்னை நம்பிப் பிள்ளையை விடலாமா என்று நான்கு பேர் கேட்டால் என்ன ஆவாள்? போனைச் சட்டைப் பையில் போட்டேன். கைப்பையைத் திறந்து அந்த இன்னொரு தாளை எடுத்து மேஜை மேல் வைத்தேன். தயாராகவே கொண்டுவந்திருக்கிறீர்களே என்று மேடம் ஆச்சரியப்படவில்லை. என் கடையைப் பற்றி அவருக்குத் தெரியும். சீல் அடித்து, கையெழுத்துப் போட்டு, மூன்று மாதம் கொடுத்துவிட்டார். எல்லாம் பத்து நிமிடம்.

அக்கா எழுதிய லெட்டரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அங்கிருந்து நேராக அக்கா ஊருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சுவர்கள். நீல எழுத்து. ஜன்னல் பக்கம் பார்க்கவே பிடிக்காமல், முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன்.

அக்கா வாசலில் மரவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் புதுத்தோல் வந்திருந்தது. லீவ் கிடைத்துவிட்டது என்றேன். முகம் அப்படியே மலர்ந்தது. உள்ளே போய் காபி போட்டுக் கொண்டுவந்தாள். அடுப்பை அணைத்தபின் ஒரே தடவை பார்த்துவிட்டு வந்ததை நான் கவனித்தேன். மாமாவும் கவனித்தார், எனக்குக் கண்ணைக் காட்டினார்.

“என்னுதைத்தானே குடுத்த?” என்று அக்கா கேட்டாள்.

“ஆமாக்கா” என்றேன்.

“மேடம் படிச்சாங்களா” என்று மாமா கேட்டார். படித்தார், இரண்டு தடவை படித்தார் என்றேன். அது உண்மைதான்.

அக்கா எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு ஏதோ கேட்பதற்காக ஒரு முறை அசைந்து நின்றது. இரண்டு கையையும் மடியில் கோத்து இறுக்கிக்கொண்டாள். எனக்கு அந்தப் பிடி தெரியும், பூட்டைப் பிடிக்கிற பிடி அது. கொஞ்ச நேரத்தில் தானாகத் தளர்ந்தது.

“இன்னொரு தடவை கேக்கணும்னு இருந்துச்சு. கேக்கல பாத்தியா” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். சட்டைப் பையில் தாள் முனை நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன்.